குடிவரவு மனுவுக்கு முன் குற்றப் பதிவேட்டை அறிதல்

அமெரிக்காவில் புகலிடமோ நிரந்தர வதிவுரிமையோ கோரி மனுச் செய்பவரிடம் கைரேகை பெறப்பட்டு, அது மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் பதிவேடுகளோடு ஒப்பிடப்படுகிறது. குடிவரவு நிவாரணம் எனப்படும் இவ்வழிகள் நாட்டில் தங்குவதற்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்புகளே. எனினும் தகுதியற்றவர் அளிக்கும் மனு, அவரை நாடுகடத்தும் வழக்குக்கே தொடக்கமாகிவிடக்கூடும். ஆகவே, அரசு பார்க்கப்போகும் பதிவை மனுதாரர் முன்னரே பார்த்துவிடுவது இன்றியமையாதது.

பழைய வழக்கு முடிந்துபோனது என்ற நம்பிக்கையே பலருக்கு ஆபத்தாகிறது. 1996இல் திருத்தப்பட்ட குடிவரவுச் சட்டத்தின்படி, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டை விதித்திருந்தால், அக்காலம் முடிந்ததும் மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தாலும், அது தண்டனைத் தீர்ப்பாகவே கொள்ளப்படும். திருட்டு வழக்கில் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டதால் ஒருநாள்கூடச் சிறை செல்லாதவரும், புகலிடத்தைத் தடுக்கும் ‘தீவிரப் பெருங்குற்றம்’ என்ற வகைக்குள் வரக்கூடும்.

எஃப்.பி.ஐ.யிடம் கைரேகையோடு 18 டாலர் கட்டணம் செலுத்தி எவரும் தமது பதிவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறலாம். கைதான நாள், கைது செய்த அமைப்பு, குற்றச்சாட்டு ஆகியவை அதில் இருந்தாலும் வழக்கின் முடிவு விடுபட்டிருப்பது உண்டு. எனவே, வழக்கு நடந்த நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலையும், மாநிலப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துப் பெறுதல் வேண்டும். பதிவில் பிழை இருப்பின் திருத்தம் கோரும் உரிமையும் உண்டு.

நிலுவையில் பிடியாணை இருக்கலாம் என்று ஐயுறுபவர் கைரேகை கொடுக்கக் காவல் நிலையத்துக்குச் செல்லலாகாது; முதலில் வழக்கறிஞரை அணுகுவதே பாதுகாப்பானது. விசாரணைக்கு வராதபோது பிறப்பிக்கப்பட்ட நாடுகடத்தல் ஆணை உள்ளதா என்பதையும் குடிவரவு நீதிமன்றப் பதிவுகளில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். குடிவரவு நீதிமன்றத்தில் பொதுவாக அரசு தன் செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தருவதில்லை என்பதால், வசதியற்றோர் சட்ட உதவி அமைப்புகளையும், நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதிகளையும் நாடலாம். படிவம் நிரப்பித் தரும் இடைத்தரகர்களிடம் சிக்கலாகாது.

பதிவு பாதகமாக இருந்தாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படும் வாய்ப்பு உண்டா என்பதை வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என 2010ஆம் ஆண்டின் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கடமை தவறியது போன்ற சட்டக் குறைபாட்டினால் ரத்தாகும் தண்டனையைக் குடிவரவுச் சட்டமும் ரத்தானதாகவே ஏற்கிறது; நன்னடத்தைக்காக மட்டும் அழிக்கப்பட்ட தண்டனைக்கு அச்சலுகை இல்லை. கைதை மறைத்துப் பொய்யுரைப்பதோ நிரந்தரத் தடைக்கே வழிவகுக்கக்கூடும். பதிவை முழுமையாக அறிந்தவரே, மனுச் செய்வதா, தண்டனையை முதலில் எதிர்ப்பதா, சிறிது காலம் பொறுப்பதா என்பதை வழக்கறிஞரோடு கலந்து முடிவுசெய்ய இயலும்.