வரிக் கணக்கில் மனைவியின் பங்கு

கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி இருவருமே ஒரு ரூபாய்கூட வருமான வரி கட்ட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் கணவர் மட்டும் தொழில் செய்து 24 லட்சம் ஈட்டுகிறார். மனைவி பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொள்கிறார். இந்த வீட்டுக்கு வரி 3 லட்சம், செஸ்ஸையும் சேர்த்தால் 3,12,000 ரூபாய். இரு வீடுகளுக்கும் வருமானம் ஒன்றுதான். அதனால்தான் தம்பதியரின் வருமானத்தைக் கூட்டி ஒரே கணக்காக வரி போட வேண்டும் என்ற கோரிக்கை பட்ஜெட் நெருங்கும்போதெல்லாம் எழுகிறது. அந்த மனக்குறை நியாயமானது. ஆனால் கேட்கும் மருந்து தவறானது. யார் யாரோடு எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் அரசின் வேலை அல்ல.

இந்தியா அதையும் ஒருமுறை செய்து பார்த்தது. 1955-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் திருமணமானவருக்கு 2,000 ரூபாய், ஆகாதவருக்கு 1,000 ரூபாய் என்று விலக்கு வரம்பு பிரிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கணக்கில் சேர்ந்தது. பிறகு அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. ஜெர்மனியில் தம்பதியரின் வருமானத்தைக் கூட்டி இரண்டாகப் பிரிக்கும் முறை 1958 முதல் நடப்பில் இருக்கிறது. ஸ்வீடன் 1971-லும் பிரிட்டன் 1990-லும் தனிநபர் வரிக்கு மாறின. மாறியதற்குக் காரணம் இருக்கிறது. நம் விகிதங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஜெர்மானிய முறையைப் பொருத்திப் பாருங்கள். பக்கத்து வீட்டின் 24 லட்சம் ஆளுக்கு 12 லட்சமாகப் பிரிந்து, வரி இல்லாமல் போகும். அடுத்த ஆண்டு அந்த மனைவி 4 லட்சம் சம்பளத்தில் வேலைக்குப் போகிறார் என்றால், ஆளுக்கு 14 லட்சம் என்று கணக்காகி வீட்டின் வரி 1,80,000 ரூபாய் ஆகிவிடும். இன்றைய முறையில் அவருடைய 4 லட்சத்துக்கு வரியே கிடையாது. 'நீ வேலைக்குப் போய் என்ன மிச்சம்?' என்று வீட்டில் எழும் கேள்விக்கு அரசே ஒரு கணக்கை எழுதிக் கொடுக்கலாமா?

குடும்பத்தை வரி அலகாக ஏற்றால் எது குடும்பம் என்பதையும் அரசே தீர்மானிக்க வேண்டியிருக்கும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்து கூட்டுக் குடும்பத்துக்கான வரிச் சலுகையே சாட்சி. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் இந்த ஏற்பாட்டில் குடும்பத்துக்கே தனி பான் எண் உண்டு. உறுப்பினர்களின் விலக்கு போக, குடும்பத்தின் பெயரிலும் இன்னொரு 4 லட்சத்துக்கு வரி இல்லை. இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். ஒரே கூரையின் கீழ் ஒரே கடையை நடத்தும் கிறித்தவ, முஸ்லிம் சகோதரர்களுக்குக் கிடையாது. கேரளம் கூட்டுக் குடும்ப முறையையே சட்டம் போட்டு 1976-இல் முடித்துவைத்தது. 2018-இல் சட்ட ஆணையமும் தன் கலந்தாய்வு அறிக்கையில் இந்த ஏற்பாட்டை ஒழிக்கலாம் என்றே சொன்னது. இன்றுவரை ஒழிக்கவில்லை.

அப்படியானால் குடும்பத்தின் சுமையை அரசு கண்டுகொள்ளவே கூடாதா என்று கேட்பார்கள். கட்டாயம் கண்டுகொள்ள வேண்டும், ஆனால் வருமான வரி அதற்கு ஏற்ற வழி அல்ல. வரிச் சலுகை வரி கட்டுகிறவருக்கு மட்டுமே கிடைக்கும். வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அவரும் சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பெற்றோர் சேர்ந்து வாழ்கிறார்களா, யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. பள்ளிக்கு வந்த பிள்ளையின் தட்டில் உணவு விழுகிறது. குடும்பத்துக்கு அரசு செய்யும் உதவி இப்படித்தான் தேவைப்படும் ஆளிடம் நேராகப் போய்ச் சேர வேண்டும்.

பக்கத்து வீட்டு மனைவியின் கணக்கு இன்னும் தீரவில்லை. கணவர் தன் பணத்தை அவர் பெயரில் டெபாசிட்டாகப் போட்டால், வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்ந்துவிடும். போதிய ஈடு பெறாமல் கொடுத்த பணம் என்று சட்டம் அதைப் பார்க்கிறது. அவர் பல ஆண்டுகளாக வீட்டுக்குச் செய்த வேலை ஈடாகாதா? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவர் சொத்து வாங்கியதில் பங்களித்தது என்று ஏற்று, அவருக்குச் சரிபாதி உரிமை உண்டு என்றது. வரிச் சட்டமும் அந்த நியாயத்தை ஏற்கலாம். கணவர் ஆண்டுதோறும் ஒரு வரம்புக்குள் மனைவி பெயருக்கு மாற்றும் தொகை முழுக்க மனைவியின் சொத்து, அதன் வருமானம் மனைவியின் கணக்கில் மட்டுமே வரும் என்று விதி செய்யலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்குப் போலவே, மனைவி சம்பாதிக்க வீட்டில் இருக்கும் கணவருக்கும் அது பொருந்த வேண்டும். இது பணக்காரர்கள் வரியைத் தட்டிக்கழிக்க வழியாகிவிடும் என்ற அச்சம் பொய்யல்ல, அதற்காகத்தான் வரம்பு. மாற்றிய பணத்தைக் கணவர் திரும்பக் கேட்க முடியாது என்பதும் அந்த விதியிலேயே இருக்க வேண்டும்.