நெருக்கடிக் காலமும் கூலிக் கேள்வியும்: துனீசியாவிலிருந்து சில பாடங்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவில் தொழிற்சங்கம் குறித்துப் பேச நாங்கள் முடிவு செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொரோனா ஊரடங்கின்போது, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் இரண்டு மாதக் கூலி பாக்கியைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "நாடே பேரிடரில் கிடக்கிறது, இப்போது போய்க் கூலி கேட்கிறீர்களே" என்றார் அங்கிருந்த அதிகாரி. மறுநாள் விடியற்காலை குப்பை அள்ள அவர்கள்தான் போனார்கள். நெருக்கடி வந்தால் அடித்தட்டுத் தொழிலாளிக்கு வேலை நிற்பதில்லை, உரிமைதான் நிற்கிறது. இதை ஒரு சங்கத்தால் எதிர்கொள்ள முடியுமா என்பதைப் புரிந்துகொள்ள, வட ஆப்பிரிக்காவின் சிறிய நாடான துனீசியாவை எடுத்துக்கொள்வோம்.

துனீசியப் பொதுத் தொழிலாளர் சங்கம் 1946 ஜனவரி 20 அன்று, பிரெஞ்சு ஆட்சியின்போதே உருவானது. அதை நிறுவிய ஃபர்ஹத் ஹஷத் 1952 டிசம்பர் 5 அன்று படுகொலை செய்யப்பட்டார். நாட்டு விடுதலைக்கு ரத்தம் சிந்திய சங்கம் என்பதால் 1956இல் விடுதலை வந்த பின்னும் அதைக் கலைத்துவிட அரசால் முடியவில்லை. வசப்படுத்தப் பார்த்தார்கள், வசப்படாதபோது அடித்தார்கள்.

1978 ஜனவரி 26 அன்று சங்கம் பொதுவேலைநிறுத்தம் அறிவித்தது. ராணுவம் தெருவில் இறங்கியது. அரசுக் கணக்கின்படியே பல பத்துப் பேர் இறந்தார்கள். 'கருப்பு வியாழன்' என்று அந்த நாளைச் சொல்கிறார்கள். பொதுச்செயலாளர் ஹபீப் ஆஷூர் சிறைக்குப் போனார். அதே நாளில் நெருக்கடிநிலை ஆணை ஒன்று வெளியானது. கூட்டங்களையும் வேலைநிறுத்தங்களையும் தடைசெய்ய அது அதிகாரம் தந்தது. இந்த ஆணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் கறையையும் சொல்லாமல் போகக் கூடாது. 2008இல் கஃப்ஸா பகுதியின் பாஸ்பேட் சுரங்க ஆளெடுப்பில், வேண்டியவர்களுக்கே வேலை போனதை எதிர்த்து வேலையற்ற இளைஞர்கள் எழுந்தார்கள். ரெதேயெஃப் ஊரின் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கத்தினர் அவர்களோடு நின்றார்கள், சிறைக்கும் போனார்கள். ஆனால் சங்கத்தின் மண்டலத் தலைமை எதிர்ப்பக்கம் நின்றது. ஒப்பந்தத்துக்கு ஆள் விடும் தொழிலில் அந்தத் தலைமைக்கே பங்கு உண்டு என்று போராடியவர்கள் குற்றம்சாட்டினார்கள். ஒரே சங்கத்துக்குள் இரண்டு சங்கங்கள் இருந்தன.

2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் நகரில் தள்ளுவண்டி வியாபாரி முகமது பௌஅஸிஸி தீக்குளித்தார். அவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்ல. ஆனாலும் உள்ளூர்ச் சங்கக் கிளைகள் தங்கள் அலுவலகங்களைப் போராடியவர்களுக்குத் திறந்துவிட்டன. கீழிருந்து வந்த அழுத்தத்தில் தலைமையும் அசைந்தது. 2011 ஜனவரி 12 அன்று ஸ்ஃபாக்ஸ் நகரிலும், 14 அன்று தலைநகர் துனிஸிலும் வேலைநிறுத்தம். அந்த 14ஆம் தேதியே அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார்.

பலரும் இங்கேயே கதையை முடித்துவிடுவார்கள். நமக்கு முக்கியமானது அடுத்த சில மாதங்களில் நடந்தது. நாடு குழம்பிக் கிடந்த 2011 ஏப்ரலில், பொதுத்துறையில் ஒப்பந்தமுறையை ஒழிக்க அரசோடு சங்கம் ஓர் உடன்பாடு கண்டது. அரசு அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கியவர்களும் வாசலில் காவல் நின்றவர்களும் இதில் பயன்பெற வேண்டியவர்கள். 'இது நேரமல்ல' என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்த நேரத்தில்தான் அந்தக் கோரிக்கை வைக்கப்பட்டது.

2013இல் இரண்டு அரசியல் படுகொலைகள் நடந்தன. பிப்ரவரி 6இல் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பிலாயித், ஜூலை 25இல் முகமது பிராஹிமி. உள்நாட்டுப் போர் வந்துவிடுமோ என்று நாடு அஞ்சியது. பிலாயித்தின் இறுதி ஊர்வல நாளில் சங்கம் பொதுவேலைநிறுத்தம் அறிவித்தது. பிறகு முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் அமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டு, அடித்துக்கொண்டிருந்த கட்சிகளை ஒரே மேசையில் உட்கார வைத்தது. கருப்பு வியாழனுக்குச் சரியாக 36 ஆண்டுகள் கழித்து, 2014 ஜனவரி 26 அன்று புதிய அரசமைப்புச் சட்டம் நிறைவேறியது. வேலைநிறுத்த உரிமை அதில் இடம்பெற்றது. நான்கு அமைப்புகளுக்கும் 2015இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

இப்போது அந்த ஆணைக்கு வருவோம். 2015 நவம்பர் 24 அன்று துனிஸ் நகரில் அதிபரின் காவலர்கள் சென்ற பேருந்தில் குண்டு வெடித்து 12 பேர் இறந்தார்கள். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ்? தொழிலாளரை ஒடுக்க எழுதப்பட்ட அதே 1978 ஆணையின் கீழ். டிசம்பர் 10 அன்று ஓஸ்லோவில் சங்கம் பரிசு வாங்கியபோது, அதன் வேலைநிறுத்தங்களைத் தடைசெய்யவல்ல ஆணை ஊரில் நடைமுறையில் இருந்தது. குண்டு வைப்பவருக்கும் கூலி கேட்பவருக்கும் ஒரே சட்டம். பாதுகாப்பு என்ற சொல் வரும்போதெல்லாம், அதன் கீழ் எந்தப் பழைய ஆணை கிடக்கிறது என்று நாம் தேடிப் பார்க்க வேண்டும்.

வென்றது நிலைக்கவில்லை. 2021 ஜூலை 25 அன்று அதிபர் நாடாளுமன்றத்தை முடக்கினார். 2023 ஜனவரி இறுதியில், சுங்கச்சாவடி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை அடுத்து அவர்களின் சங்கத் தலைவர் கைதானார். அடுத்த மாதமே கறுப்பின ஆப்பிரிக்கக் குடியேறிகளுக்கு எதிராக அதிபர் பேசினார். அவர்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். தன்மீதே வேட்டை நடந்துகொண்டிருந்த வேளையில், சங்கம் அவர்களுக்காகவும் வாய் திறந்தது. தலைநகரில் மார்ச் 4 அன்று அது நடத்திய பேரணியில் இனவெறிக்கு எதிரான முழக்கமும் எழுந்தது.

இதை நம் வரலாற்றோடு வைத்துப் பார்ப்போம். 1928 பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவில் தீண்டப்படாதாருக்கு ஏன் வேலை இல்லை என்று அண்ணல் அம்பேத்கர் கேட்டார். இழையை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும், அதனால் தீட்டு என்பதே பதில். சங்கத்தைக் கேள்வி கேட்ட அதே அம்பேத்கர்தான், வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார். அரசிடம் உரிமை கேட்பதும் சங்கத்துக்குள் சமத்துவம் கேட்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

துனீசியா சொல்வதும் அதுவே. உறுப்பினர் அல்லாத வண்டிக்காரருக்குக் கதவு திறந்தபோது சங்கம் வலுத்தது. ஒப்பந்தக்காரரோடு கைகோத்தபோது மெலிந்தது. ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் போகும்போது இரண்டு கேள்விகளைக் கொண்டுபோங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் இங்கே உறுப்பினரா? அவருடைய கூலி பாக்கி, கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? அடுத்த நெருக்கடி வருமுன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிட வேண்டும். யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அதுதான்.

ஜெய்பீம்.