தெரியாமல் போட்ட குளிசையும் தெரிந்தே போடும் குளிசையும்

கீரிமலையிலிருந்து ஒரு பிள்ளை வந்தார். கலியாணமாகி ஆறு மாதம். நாள் தள்ளிப்போனதைக் கவனிக்காமல் காய்ச்சலுக்குப் பனடோல் போட்டிருக்கிறார், பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். "டொக்டர், பிள்ளை ஊனமாப் பிறக்கும், கலைச்சு விடு எண்டு மாமி சொல்லுறா." கைப்பைக்குள் யாரோ இரகசியமாக வாங்கிக் கொடுத்த நாலு குளிசை. நல்ல காலம், போடவில்லை. போட்டுவிட்டு இரத்தம் போகப் போக வருகிறவர்கள்தான் அதிகம்.

பயம் எங்கிருந்து வந்தது

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட், 1961 இறுதியில் நிறுத்தப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கைகால்களைக் குறைத்துவிட்டது. ஆனால் எல்லாக் குளிசையும் தலிடோமைட் அல்ல. ஒரு மருந்தும் தொடாத தாய்மாருக்கும் நூறில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஏதாவது குறையுடன் பிறக்கத்தான் செய்கின்றன. அந்தப் பழியையும் பனடோலின் தலையில் போடுகிறோம்.

திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை

அளவாகப் போட்ட பனடோலால் ஊனம் வராது. பல் எக்ஸ்ரே, நெஞ்சு எக்ஸ்ரே இரண்டிலும் கருவைச் சேரும் கதிர் மிக மிகச் சொற்பம். கர்ப்பம் தெரியாமல் தொடர்ந்து போட்ட கருத்தடைக் குளிசையும் பிள்ளையைக் குறைப்படுத்தாது. தெரிந்ததும் நிறுத்தினால் போதும். ருபெல்லா ஊசி போட்ட பிறகு கர்ப்பம் என்று தெரிந்தாலும் அதற்காகக் கலைக்கத் தேவையில்லை. கருத்தரித்த முதல் இரண்டு கிழமைக்குள் பெரிய பாதிப்பு நேர்ந்தால் பெரும்பாலும் கரு தானாகவே கலைந்துவிடும். தங்கினால் பழுதில்லாமல் வளரும்.

ஆடி அமாவாசைச் சனத்துக்குள் கீரிமலைக் கேணியில் முழுகினேன், குளிர் பிள்ளையைத் தாக்குமோ என்றும் கேட்கிறார்கள். தாக்காது. பாசிப் படியில் வழுக்காமல் இருந்தால் சரி.

பயப்பட வேண்டியவை

வலிப்புக்குத் தரும் வல்ப்ரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்பரின். இவற்றைப் பாவிப்பவர்கள் கர்ப்பம் என்று சந்தேகம் வந்த அன்றே வர வேண்டும். வலிப்புக் குளிசையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே கருவைக் கலைக்கும் மிசோப்ரொஸ்டோல் குளிசை கள்ளமாகக் கைமாறுகிறது. எத்தனை போடுவது, எப்போது போடுவது என்று சொல்ல ஆளில்லை. அது கலைக்காமல் விட்டால், தப்பிய பிள்ளைக்கு முகநரம்பும் கைகாலும் பழுதாகலாம். ஊனத்துக்குப் பயந்து ஊனத்தை வாங்குகிறார்கள்! கலைப்பதற்கென்று எடுக்கும் பப்பாசிக்காய், அன்னாசி, எள்ளும் கருஞ்சீரகமும் அவித்த கசாயம் எல்லாம் நாளைத்தான் வீணாக்கும்.

கர்ப்பமோ என்று சந்தேகமென்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு ஸ்கான்.

கெஞ்சிக் கேட்கிறேன்

மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதை நீங்கள் உணரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அதனால்தான் புதுத் தம்பதிகளுக்குக் குடும்பநல மிஸி போலிக் அமிலக் குளிசையை இலவசமாகத் தருகிறார். அதை அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள், பிள்ளை.

பாமசியில் எதை வாங்கினாலும் "நாள் தள்ளியிருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது போட்டுவிட்டீர்களா? வெறும் மட்டையை எறியாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்றைக்கே வாருங்கள்.