ஆடியில் ஒரு குளிர்காலம்

ராஜபாளையத்தில் எங்கள் பழைய வீட்டுப் பரணில் ஒரு கம்பளி கிடந்தது. கறுப்பும் இல்லாத, பழுப்பும் இல்லாத, ஆட்டு மயிரின் சொந்த நிறம். ஓரம் பிரிந்திருக்கும், தொட்டால் உள்ளங்கையில் குத்தும். பாட்டி அதைக் ‘கண்டிக் கம்பளி’ என்பாள். அவளுடைய பூட்டனார் கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பியபோது தோளில் போட்டு வந்ததாம். எங்கள் ஊர் வெயிலுக்கு அதை யாரும் போர்த்தி நான் பார்த்ததில்லை. ஆனாலும் பாட்டி அதைத் தூக்கிப் போட விடவில்லை.

2025 மே மாதம் அதே வீட்டில் என் அண்ணன் மகன் பெட்டி அடுக்கினான். உள்ளே போட்டுக்கொள்ளும் தெர்மல் இரண்டு ஜோடி, கையுறை, கம்பளிக் காலுறை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அண்ணி இரண்டு கிலோ கட்டி வைத்திருந்தார். பால் பண்டத்தை ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள் என்று அவன் அதை வெளியே வைத்தான். கேட்டரிங் படித்த பையன். மெல்போர்னுக்கு வடகிழக்கே, பனிச்சறுக்கு நடக்கும் ஒரு மலையில் தங்கும் விடுதி ஒன்றின் சமையலறையில் அவனுக்கு நான்கு மாத வேலை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே குளிர்காலம் ஜூனில் ஆரம்பிக்கிறது. பனி சீசன் அங்கே ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். நமக்கு ஆடிக்காற்று அடிக்கையில் அங்கே பனி உச்சத்தில் இருக்கும்.

பூட்டனார் கண்டிச் சீமைக்குப் போனது ஆடியில்தானாம். அதை வெறும் தற்செயல் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கண்டிச் சீமை எனப்பட்ட இலங்கை மலைநாட்டில் விளைந்தது தேயிலையல்ல, காப்பி. அதன் பழம் ஆவணியில் சிவக்கத் தொடங்கி கார்த்திகை வரை பறிப்புக்கு வரும். நம் கரிசல் மானாவாரிப் பூமியிலோ ஐப்பசி மழை இறங்கும்வரை கைக்கு வேலை இல்லை. அங்கே ஆள் தேவைப்பட்ட அதே மாதங்களில் இங்கே பசி. அதனால் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910இல்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறியது. பறிப்பு முடிந்ததும், தை அறுப்புக்கு ஊர் திரும்பிவிடலாம் என்பதே கணக்கு. குடியேறப் போனவர்கள் அல்ல அவர்கள். ஒரு பருவத்துக்கு வேலைக்குப் போனவர்கள்.

போன வழியை நினைத்தால் வயிறு கலங்குகிறது. கடற்கரை வரைக்கும் நடை. அங்கிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம். பிறகு காடு வழியே மாத்தளை வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மறுபடியும் நடை. வழியில் தண்ணீர் இல்லாத நாட்கள், இருந்த தண்ணீரில் காலரா. காய்ச்சல் கண்டவரைச் சுமந்து போக ஆள் இல்லாமல் பாதையோரம் விட்டுப்போனதும் உண்டு. அந்தப் பாதை முடியும் மாத்தளையில் இன்று நிற்கும் முத்துமாரியம்மன் கோயிலைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், அங்கே உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் கும்பிடுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கூட்டிப்போனவர் கங்காணி. பெரும்பாலும் தெரிந்த ஊர்க்காரர், உறவுக்காரர். முன்பணம் கொடுப்பார், வழிச்செலவு பார்ப்பார். மலை ஏறியதும் கம்பளி வரும், அரிசி வரும். எல்லாம் பற்று. அந்தக் கம்பளிகூட இனாம் அல்ல, போர்த்தியவன் பேரில் ஏறிய கடன். சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும், கடன் மட்டும் வளரும். பின்னாளில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு வந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். வேறு தோட்டத்துத் துரை அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். பழைய கடன் புதிய தோட்டத்துக்கும் கூடவே போகும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் நிறுத்தியது. தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று எழுத்தறியாத அந்த மனிதனுக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் மகன் போனது வேறு வழி. ஆஸ்திரேலியா 2024இல் இந்திய இளைஞர்களுக்கு ‘வேலையும் விடுமுறையும்’ என்ற விசாவைத் திறந்தது. வயது 18 முதல் 30 வரை, ஆண்டுக்கு 1,000 பேருக்கு மட்டும், அதுவும் குலுக்கலில். முதல் இரண்டு வாரத்திலேயே 40,000 பேர் பதிந்துவிட்டார்கள். குலுக்கலில் பேர் கொடுக்கக் கட்டணம் 25 டாலர். ஓராண்டு இருக்கலாம், ஒரு முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. நான்கு மாதப் பனி சீசன் அதற்குள் சரியாக அடங்கிவிடுகிறது.

இந்த 25 டாலர் சமாசாரம் தெரிவதற்கு முன்னால், குலுக்கலில் பேர் வரச் செய்வதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் அண்ணனிடம் இரண்டு லட்சம் கேட்டார். அண்ணன் நகையை வைக்கக் கிளம்பிவிட்டார். குலுக்கலில் யாரும் யார் பேரையும் வரவைக்க முடியாது என்று பையன்தான் அரசாங்க இணையதளத்தைத் திறந்து வரி வரியாக வாசித்துக் காட்டித் தடுத்தான். கங்காணி வேலைக்கு இன்றும் ஆள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எங்கள் பையனைக் காப்பாற்றியது அவனுக்கு வாசிக்கத் தெரிந்ததுதான்.

வேலை ஒன்றும் சொகுசு இல்லை. பாத்திரம் கழுவுவது, வெங்காயம் நறுக்குவது, பின்வாசலில் பனியை வாரிப் போடுவது. “கையுறையக் கழட்டி அஞ்சு நிமிஷம் நின்னா விரல் இருக்கா இல்லையான்னே தெரியல சித்தப்பா” என்றான். தங்கும் அறைக்கு வாரவாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பரண் கம்பளி ஞாபகம் வந்து சுருக்கென்றது. ஆனால் அவன் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு, கையில் எவ்வளவு. சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் அந்தச் சீட்டைக் கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். 2025 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக இருந்தது. நிரந்தரமில்லாத ஆளுக்கு அதற்கு மேல் கால் பங்கு கூட. பூட்டனாரின் கணக்குக்கும் இப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பூட்டனார் எப்படியோ திரும்பிவிட்டார். அவருக்குப் பின்னால் போனவர்கள் பலர் திரும்பவில்லை. 1869இல் காப்பி இலையில் துரு போல ஒரு நோய் விழுந்தது. பதினைந்து இருபது வருஷத்தில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இல் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் போட்டிருந்த தேயிலை அந்த மலைகளை எல்லாம் பிடித்துக்கொண்டது. காப்பிக்கு ஆண்டில் சில மாதம் ஆள் வந்தால் போதும். தேயிலைக் கொழுந்தை வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, வருஷம் பூராவும் கிள்ளியாக வேண்டும். பருவ வேலை அதோடு போயிற்று. கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும், ஆகவே குடும்பம் குடும்பமாக ஏற்றினார்கள். இங்கே தாது வருஷப் பஞ்சம் வேறு துரத்தியது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தது. ஒரு செடி மாறியதில் ஒரு சனமே ஊர் மாறிப்போனது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு 1948இல், நீ இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்றது சுதந்திர இலங்கை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அப்படி மண்டபம் முகாம் வழியாக வந்து இறங்கியவர்கள் நம் ஊர்களில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். ஒரு பருவத்துக்கென்று கிளம்பிய பயணம் திரும்பி வர நூறு வருஷம் ஆயிற்று. வந்தபோது அவர்களை அடையாளம் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

அண்ணன் மகனுடைய விசாவுக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. அந்தத் தேதியைப் பார்த்து அண்ணி அழுதார், ஒரு வருஷமா என்று. எனக்கோ அந்தத் தேதிதான் ஆறுதலாக இருந்தது.

அந்த ஆண்டு ஜூலை 28 ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் தேரில். பதினோரு நிலைக் கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி நின்று அவனுக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே காலை ஒன்பது, அங்கே மதியம் ஒன்றரை. ஏப்ரனோடு சமையலறைப் பின்வாசலுக்கு ஓடி வந்தான். அவன் தலைக்குப் பின்னால் எல்லாம் வெள்ளையாக இருந்தது. வடம் பிடித்து இழுக்கிற சத்தத்தில் அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஃபோனை உயர்த்திப் பிடித்தேன். தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது. திரையில் அவன் கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் வெறும் கையைக் கூப்பி நின்றான்.