கல்லூரி வீதியிலே குடியிருப்போர்

கோயிலை நடுவே வைத்து, அதனைச் சுற்றி நான்கு வீதிகளை வகுத்துக் குடியிருந்தவர் நம் முன்னோர். கோயில் மணி ஒலித்தால் ஊர் எழும்; தேர் அசைந்தால் ஊரே அசையும். பூக்காரர், தேங்காய்க் கடைக்காரர், மேளகாரர் என அத்தனை பேருடைய பிழைப்பும் அக்கோயிலையே நம்பியிருக்கும். இதே முறையில், கல்விச்சாலைகளை நடுவே வைத்து வளர்ந்த பேட்டைகளும் உலகில் உண்டு. பாரிஸ் மாநகரின் லத்தீன் பேட்டை அவற்றுள் ஒன்று. நமக்கு அண்மையிலே, நம் நாட்டின் கல்வி வரலாற்றோடும் தொடர்புற்ற ஒன்று, கல்கத்தா நகரின் கல்லூரி வீதியாகும். அவ்வீதியிலும் அதனை ஒட்டிய சந்துகளிலும் குடியிருப்போரின் வாழ்வு எத்தகையது என்பதை இங்கே சிறிது நோக்குவோம்.

ஒரு வீதியும் மூன்று சர்வகலாசாலைகளும்

கல்லூரி வீதியின் நீளம் ஒரு மைலுக்கும் குறைவு. ஆயினும் அதில் அடங்கியுள்ள கலாநிலையங்களை எண்ணினால் வியப்பே மேலிடும். 1817 இல் இந்துக் கல்லூரி என்ற பெயரோடு தொடங்கி, 1855 இல் பிரசிடென்சிக் கல்லூரியாகி, 2010 இல் சர்வகலாசாலையாக உயர்ந்த நிலையம் அங்கேதான் இருக்கின்றது. 1824 இல் நிறுவப்பட்ட சம்ஸ்கிருதக் கல்லூரி அதற்கு அடுத்தாற்போல் உள்ளது. அதுவும் பிற்காலத்திலே சர்வகலாசாலையாயிற்று. 1835 இல் ஆரம்பமான வைத்தியக் கல்லூரியும், 1857 இல் தோன்றிய கல்கத்தாச் சர்வகலாசாலையும் அதே வீதியில் உள்ளன. ஹெயர் பாடசாலை, இந்துப் பாடசாலை ஆகியனவும் அங்கேயே இருத்தலால், பாலகன் ஒருவன் அரிவரி தொடங்கிப் பட்டம் பெறும் வரையில் அந்த ஒரு வீதியை விட்டு அகல வேண்டியதில்லை!

இத்தகைய இடத்தில் வாழ்வோர்க்குக் கல்வி என்பது மதிலுக்கு அப்பாலுள்ள பொருளன்று. சம்ஸ்கிருதக் கல்லூரியின் அதிபராயிருந்த ஈசுவர சந்திர வித்தியாசாகரர், விதவைகளின் மறுமணத்துக்கு நூலாதாரங் காட்டி வாதாடினார். 1856 இல் அதற்குச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே அச்சட்டப்படி நிகழ்ந்த முதல் திருமணம், கல்லூரிக்கு அதிக தூரமில்லாத சுக்கியா வீதி இல்லமொன்றில் நடைபெற்றது. ஏட்டிலே எழுந்த வாதம் சில மாதங்களுள் அயல்வீட்டுப் பந்தலுக்கு வந்து சேர்ந்தது. 1836 இல் மதுசூதன குப்தர் என்னும் வைத்தியர், சாதிக் கட்டுப்பாட்டை மீறிப் பிரேதத்தை அறுத்துப் பரிசோதித்ததும் அந்த வைத்தியக் கல்லூரியிலேயே. பிற்காலத்தில், 1883 இல் பட்டம் பெற்ற முதலிரு பெண்களுள் ஒருவரான காதம்பினி கங்குலி வைத்தியம் பயிலப் புகுந்ததும் அதே வாயிலாலேதான். இவற்றையெல்லாம் கண்ணெதிரே கண்டு, ஏசியும் வாழ்த்தியும், ஈற்றிலே ஏற்றுக்கொண்டவர்கள் அப்பேட்டையின் குடும்பத்தினர்.

அறையும் அடுப்பும்

படிக்க வரும் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது புத்தகமன்று; படுக்க ஓர் இடமும் பசிக்கு ஒரு பிடி சோறுமே. கிழக்கு வங்காளத்தின் ஆற்றங்கரைக் கிராமங்களிலிருந்தும், பீகார், ஒரிசா முதலிய இடங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் பலருக்குப் புகலளித்தவை மெஸ் வீடுகள். பழைய மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து, அறைக்கு இருவர் மூவராகத் தங்குவர். ஆளுக்கொரு மரக்கட்டில், ஒரு தகரப் பெட்டி. அதுவே அவர்தம் ஆஸ்தி. சமையலுக்கு ஒருவர் இருப்பார். மாதத்துக்கு ஒருவராக முறைவைத்துச் சந்தைக்குச் சென்று கணக்கெழுதுவர். மாத முடிவிலே, உண்ட வேளைகளை எண்ணிச் செலவைப் பங்கிடுவர். மாணவரோடு சிறு உத்தியோகத்தரும் அங்கே தங்குவர். முதல் நாள் பட்டணம் வந்த பையனுக்கு, எந்தக் கடையில் பழைய புத்தகம் மலிவு, எந்தப் பேராசிரியர் கண்டிப்பானவர் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்த மூத்த மெஸ்வாசிகளே.

வங்காளத்தின் புகழ்பெற்ற துப்பறியும் கதாபாத்திரமாகிய வியோம்கேஷ் பக்ஷியை, அவரைப் படைத்த சரதிந்து வந்தியோபாத்தியாயர் முதன் முதல் ஒரு மெஸ் வீட்டிலேயே நமக்குக் காட்டுகின்றார். அந்த அளவுக்கு அவ்வீடுகள் நகர வாழ்வோடு ஒன்றிப் போயின. 1947 இல் நாடு பிரிக்கப்பட்டபோது கிழக்கிலிருந்து மாணவர் வரும் வழி அடைபட்டது. காலப்போக்கில் நிலத்தின் விலை ஏறியது. மெஸ் வீடுகள் பல அழிந்தன. எஞ்சியவற்றிலும் சுவர் வெடித்துக் கூரை ஒழுகுகின்றது. குறைந்த செலவிலே கல்லூரிக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்தில் ஓர் அறை கிடைப்பது, ஏழை மாணவனுக்குப் பட்டம் கிடைப்பதிற் பாதியாகும். அதனை இழப்பதன் கொடுமையைப் பிரசிடென்சி மாணவர் நன்கு அறிவர். இந்தியாவின் முதற் குடியரசுத் தலைவரான இராஜேந்திர பிரசாத் மாணவராயிருந்து தங்கிய ஈடன் இந்து விடுதி, 2015 இல் திருத்த வேலைக்காக மூடப்பட்டது. மூன்றாண்டு கழிந்தும் திறக்கப்படாமையால், தொலைவான புறநகரிலிருந்து நாள்தோறும் வந்து அலைந்த மாணவர்கள், 2018 இல் கல்லூரி வளவுக்குள்ளேயே இரவு பகலாகத் தங்கி மறியல் செய்தனர். அவர்கள் கேட்டது சலுகையன்று. படிக்கும் இடத்துக்கருகே தலைசாய்க்க ஓர் இடமே.

புத்தகப் பேட்டை

கல்லூரி வீதியை வங்காளிகள் ‘பொய் பாரா’ என்பர். நம் மொழியிலே ‘புத்தகப் பேட்டை’ என்று கூறலாம். பிரசிடென்சியின் இரும்பு வேலியோரமாகவும், நடைபாதைகளிலும், பலகையாலும் தகரத்தாலும் அமைந்த சிறு கடைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கடைக்காரர் பலர் கல்லூரியில் கால் வைத்தவரல்லர். ஆயினும் எந்த வகுப்புக்கு எந்த நூல் பாடம், எந்தப் பதிப்பிலே திருத்தமுண்டு என்பதை விரல்நுனியில் வைத்திருப்பர். ஒருவன் படித்து முடித்த நூலை விற்பான். அடுத்த ஆண்டு வேறொருவன் அதனைப் பாதி விலைக்கு வாங்குவான். ஒரே நூல் பல கைகள் மாறும். ஓரத்திலே முன்னவன் எழுதிய குறிப்புகள் பின்னவனுக்கு இலவச ஆசானாகும்.

சந்துகளிலுள்ள பழைய வீடுகளில் அச்சகங்களும், பதிப்பகங்களும், புத்தகங் கட்டுவோரின் தொழிற்கூடங்களும் புகுந்துள்ளன. அண்மையிலுள்ள வைட்டகானாச் சந்தையிலே கடதாசி வியாபாரம் நடைபெறும். வங்காளப் புத்தாண்டுத் தினத்தில் பதிப்பாளர்கள் எழுத்தாளரை அழைத்து இனிப்பு வழங்கி உபசரிப்பது இன்றும் உள்ள வழக்கம். 1918 இல் தொடங்கிய பாரமவுண்ட் என்னும் பானக்கடையின் இளநீர்ச் சர்பத்து மிகப் பேர்போனது. அதன் செய்முறையைச் சொல்லிக் கொடுத்தவர், பிரசிடென்சியிலே இரசாயனம் கற்பித்த பிரபுல்ல சந்திர ராய் என்பர். பேராசிரியரின் அறிவு சர்பத்துக் கடைக்கும் உதவுமன்றோ!

கோப்பிக் கடையின் கதை இன்னும் சுவையானது. 1942 இல் பழைய ஆல்பர்ட் மண்டபத்திலே கோப்பிச் சபையார் அதனைத் தொடங்கினர். ஒரு கோப்பையை முன்னே வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கவிதையும் அரசியலும் பேசும் மாணவரால் எவருக்கு என்ன இலாபம் வரும்? 1958 இல் அதனை மூடுவதற்குத் தீர்மானித்தார்கள். பேராசிரியர்கள் அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தனர். அவ்வாண்டிலேயே கடை மீண்டும் திறந்தது. அங்கே பரிமாறிய தொழிலாளரே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அதனை நடத்தலாயினர்.

அயலவரின் பொறுமை

இவையெல்லாம் இனிமையான பக்கம். பேட்டையில் வாழ்வோர் பட்ட தொல்லையையும் சொல்லாமல் விடுதல் நீதியன்று. நள்ளிரவிலும் ஓயாத பேச்சொலி, சுவரெங்கும் கோஷங்கள், ஊர்வலத்தால் அடைபட்ட தெரு, இவையெல்லாம் அங்கு அன்றாட நிகழ்ச்சிகள். 1953 இல் திராம் வண்டிக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்தபோது எழுந்த கிளர்ச்சியில் மாணவரும் திரண்டனர். 1960 களின் இறுதியிலும் 1970 களின் தொடக்கத்திலும் நிலைமை கொடிதாயிற்று. குண்டு வெடித்தது, பொலிசார் புகுந்தனர், பரீட்சைகள் தடைப்பட்டன, இளைஞர் பலர் உயிரிழந்தனர். 1970 இல் கல்லூரிச் சதுக்கத்திலிருந்த வித்தியாசாகரர் சிலையின் தலையே துண்டிக்கப்பட்டது. கதவை அடைத்துக்கொண்டு, போன பிள்ளை திரும்புவானோ எனக் காத்திருந்த தாய்மாரின் துயரத்தை எவ்வாறு எழுதுவது? அறிவை வளர்க்கும் இடம் கோபத்தையும் வளர்க்கக்கூடும் என்பதற்கு அக்காலம் சான்று.

எனினும் மாணவர் இல்லாத பேட்டை எப்படியிருக்கும் என்பதை 2020 ஆம் ஆண்டு காட்டிற்று. மார்ச் மாதத்திலே தொற்றுநோயால் கல்லூரிகள் மூடப்பட்டன. புத்தகக் கடைகளும் மூடப்பட்டன. மே 20 ஆந் திகதி அம்பன் என்னும் பெரும்புயல் அடித்தது. மறுநாட் காலையிலே கல்லூரி வீதி வெள்ளக்காடாக, அதில் ஆயிரக்கணக்கான நூல்கள் மிதந்தன. சிறு கடைக்காரரின் முதல் முழுவதும் நீரிலே கரைந்தது. அப்போது உதவிக்கு வந்தவர்களுள் மாணவரும், முன்னாள் மாணவரும், எங்கெங்கோ வாழும் வாசகரும் இருந்தனர். ஒருகாலத்தில் அரைவிலைக்கு நூல் தந்த கைக்கு அவர்கள் பணம் திரட்டி அனுப்பினர். பேட்டையும் கல்லூரியும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை என்பதை அன்று எல்லோரும் உணர்ந்தனர்.

நம்மவர்க்கு உள்ள தொடர்பு

இப்பேட்டை நமக்கு அந்நியமானதன்று. கல்லூரிச் சதுக்கத்தின் அருகே 1920 இல் திறக்கப்பட்ட தர்மராஜிக விகாரை, இலங்கையரான அநகாரிக தர்மபாலரின் முயற்சியால் எழுந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி கல்கத்தாச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பெற்று, நம் மாணவர் அதன் பரீட்சைகளுக்குத் தோற்றினர். தமிழரான சந்திரசேகர வெங்கட்ராமன் 1907 இல் கணக்குத் திணைக்கள உத்தியோகத்தராகக் கல்கத்தா சென்றார். கல்லூரி வீதியின் தென்முனையைத் தொடும் பௌபஜார் வீதியிலே விஞ்ஞான விருத்திச் சங்கம் ஒன்று இருந்தது. அதற்கு அண்மையில் வீடெடுத்து, உத்தியோகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்தார். 1917 இல் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1928 இல் அச்சங்கத்திலேயே தம் பெயர் தாங்கும் ஒளிச்சிதறலைக் கண்டறிந்தார். 1930 இல் நோபல் பரிசு பெற்றார். ஆராய்ச்சிசாலை நடந்து செல்லும் தூரத்தில் இருந்திராவிடின், பகலெல்லாம் கணக்கெழுதிய ஒருவருக்கு இது கைகூடியிருக்குமா?

நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியும் இன்று இத்தகைய பேட்டையே. 1921 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அங்கே பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். 1974 இல் அவ்வளவிலே சர்வகலாசாலை வளாகம் தொடங்கியது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தோட்டங்களும் சந்தையும் நிறைந்த ஊரிலே, பல மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அறை தேடி அலையும் காலம் உண்டாயிற்று.

ஆகவே, பல்கலைக்கழகத்தின் அருகே வீடுடையோர்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. உங்கள் வீட்டு அறையிலே தங்குபவன் வாடகை தருபவன் மாத்திரமல்லன். தூரத்து ஊரிலே ஒரு தாய் உங்களை நம்பி அனுப்பிய பிள்ளை. அறையிலே நல்ல வெளிச்சம் இருக்கின்றதா, கிணற்றுநீர் சுத்தமானதா, வாடகை நியாயமானதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். நீங்கள் நாலாண்டு தங்கிச் செல்லும் இடத்தில் உங்கள் அயலவர் நாற்பதாண்டு வாழ்கின்றனர். அவர்தம் உறக்கத்தையும் வேலியையும் மதியுங்கள். அவர்கள் வீட்டுச் சிறுவன் கணக்கு விளங்காமல் விழித்தால், ஒரு மாலைப்பொழுது அவனோடு உட்காருங்கள். பட்டத்தைக் கல்லூரி தரும். அதனைப் பெறும் வரையில் உங்களைத் தாங்கியது அந்த ஊர் என்பதை மறவாதிருங்கள்.