விமானத் தூரமும் முதியோர் பயணமும்

மயிலாப்பூரிலும் அடையாறிலும், அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதியோர் பலரை நான் அறிவேன். சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேர்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். ஆனால், நேரடி விமானம் இல்லை. துபாய் வழியாகச் சென்றால் தூரம் சுமார் 16,000 கிலோமீட்டராகிறது. துபாய்க்கு 4 மணி, அங்கிருந்து ஏறத்தாழ 16 மணி எனப் பறக்கும் நேரம் மட்டுமே 20 மணி. விமானம் மாறக் காத்திருக்கும் நேரம் தனி.

முதியோரைப் பெரிதும் வருத்துவது இந்த மாறுதல்தான். பரந்த நிலையத்தில் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். மீண்டும் சோதனைக்கு நிற்க வேண்டும். ஆகவே, மொத்த நேரம் குறைகிறதே என்று ஒரு மணி இடைவெளியில் பயணச்சீட்டு எடுப்பது அவர்களை ஓடவைப்பதாகும். 3 மணியேனும் இருக்கட்டும். சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது.