எச்சரிக்கை வந்தும் ஏன் வெளியேறுவதில்லை? வலப்பனை லயங்களிலிருந்து ஒரு சந்தைப்படுத்தல் பாடம்

மலையகத்தில் மண் சரிந்து லயங்கள் புதையும் ஒவ்வொரு முறையும் இரண்டு வசனங்கள் தவறாமல் காதில் விழுகின்றன. முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என்பது ஒன்று. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்பது மற்றொன்று. முதலாவது பல தடவைகளில் உண்மை. இரண்டாவதைத்தான் நாம் கேள்விக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது.

இதற்கு உதவக்கூடிய துறை ஒன்று, நாம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. மக்கள் ஏன் ஒரு சவர்க்காரத்தை வாங்குகிறார்கள், இன்னொன்றை ஏன் வாங்குவதில்லை என்று ஆராயும் நுகர்வோர் நடத்தை ஆய்வே அது. அந்த அறிவை இலாபத்துக்காக அல்லாமல் மக்களின் நலனுக்காகப் பயன்படுத்தும் கிளைக்குச் 'சமூகச் சந்தைப்படுத்தல்' என்று பெயர். 1971இல் பிலிப் கொட்லர், ஜெரால்ட் சால்ட்மன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பரவலானது.

நடைமுறை அதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் தொடங்கிவிட்டது. 1968இல் இந்திய அரசு 'நிரோத்' ஆணுறையை மூன்று 15 பைசாவுக்கு விற்கத் தொடங்கியது. அதைக் கிராமத்துக் கடைகள் வரை கொண்டுபோனவை புரூக் பொண்ட், லிப்டன் போன்ற தேயிலை நிறுவனங்களின் விநியோக வலைகள். தோட்டத் தொழிலாளி பறித்த கொழுந்து தூளாகிப் போன அதே பாதையில் அரசின் ஒரு சுகாதாரத் திட்டமும் போனது. இலங்கையில் 1973இல் 'ப்ரீத்தி' என்ற பெயரில் இதே வகைத் திட்டம் வந்தது.

இவற்றின் பாடம் எளிமையானது. 'குடும்பத்தைத் திட்டமிடுங்கள்' என்று சுவரில் எழுதுவதோடு அவை நிற்கவில்லை. பொருளைக் கையில் கொடுத்தன, விலையைக் குறைத்தன, பக்கத்துக் கடையில் வைத்தன, அதன் பிறகுதான் விளம்பரம் செய்தன. பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கில் விளம்பரம் கடைசியானது. நமது அனர்த்த எச்சரிக்கைகளில் அந்தக் கடைசி ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கிறது.

சிவப்பு அறிவித்தல் சொல்வதும் சொல்லாததும்

நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவுக்குப் பெயர்போன பிரிவுகளில் வலப்பனையும் ஒன்று. இராகலை, உடப்புசல்லாவ, ஹல்கரனோயா என்று செங்குத்துச் சரிவுகளில் தோட்டங்களும் கிராமங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தவிலும் ஏற்பட்ட மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600இற்கும் அதிகமான உயிர்களைப் பறித்தபோது, மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டி, பதுளையுடன் நுவரெலியாவும் இருந்தது.

எச்சரிக்கை முறை இல்லாமல் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கட்டங்களில் அறிவிக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானமாக இருக்க வேண்டும், அது மஞ்சள். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், அது செம்மஞ்சள். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் உடனே வெளியேற வேண்டும், அது சிவப்பு. அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருகிறது. அது முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி, கடைசியில் ஒரு படமாக லயத்து இளைஞர் ஒருவரின் கையடக்கத் தொலைபேசிக்கு வந்து சேர்கிறது.

வலப்பனைத் தோட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் கவனித்த ஒன்று உண்டு. மண் சரியும் என்பது அங்கு யாருக்கும் புதிய செய்தி அல்ல. எந்த வெடிப்பு எந்த மழையில் அகன்றது, எந்த ஊற்று கலங்கி வந்தது என்று வயதான பெண்கள் இடம் காட்டிச் சொல்வார்கள். அவர்களிடம் விழிப்புணர்வு இருக்கிறது. அவர்கள் கேட்பது வேறு கேள்விகள். சிவப்பு அறிவித்தல் முழுப் பிரிவுக்கும் வந்திருக்கிறது, எங்கள் லயத்துக்கு மேலே உள்ள சரிவும் அதில் அடங்குமா? எங்கே போவது? நாளைக்குப் பேர் விழுமா?

வெளியேறுவதன் விலை

சந்தைப்படுத்தலில் விலை என்பது காசு மட்டுமல்ல. நேரம், அலைச்சல், வெட்கம், பயம் எல்லாமே விலைதான். ஒரு குடும்பம் இரவோடிரவாக லயத்தை விட்டு இறங்கும்போது கொடுக்கும் விலையைக் கூட்டிப் பாருங்கள். நாட்கூலிக்காரருக்கு ஒரு பேர் போகிறது. அரிசியும் அடகுக்கடையிலிருந்து மீட்ட நகையும் பூட்டாத காம்பராவில் கிடக்கின்றன. கோழியும் மாடும் நனைகின்றன. போய்ச் சேரும் பாடசாலையில் பல குடும்பங்களுக்கு ஓரிரு மலசலகூடங்கள்தான். வயதுக்கு வந்த பிள்ளையை அங்கே எப்படி வைத்திருப்பது என்பது எந்த அறிவித்தலிலும் இல்லாத, ஆனால் ஒவ்வொரு தாயும் முதலில் நினைக்கும் விடயம்.

1979இல் டானியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் விளக்கிய ஒரு மனித இயல்பு இங்கே பொருந்துகிறது. நிச்சயமான சிறிய நட்டம், வரலாம் வராமலும் போகலாம் என்ற பெரிய நட்டம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், பலர் நிச்சயமான நட்டத்தைத் தவிர்க்க ஆபத்தோடு சூதாடுகிறார்கள். ஒருநாள் சம்பளம் போவது நிச்சயம். மலை சரிவது நிச்சயமில்லை. மூன்று தடவை இறங்கிப் போய் எதுவும் நடக்காமல் திரும்பியவர் நான்காவது தடவை தயங்குவது அறியாமையால் அல்ல. இது படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பொதுவானது.

வன்னியில் மீள்குடியேறியவர்களுக்கு இது தெரிந்த கதை. மிதிவெடி அபாயக் கல்வி பாடசாலை வரை வந்தது. சிவப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம் தெளிவாக இருந்தது. ஆனாலும் விறகுக்கும் பழைய இரும்புக்கும் மாடு தேடியும் அந்தக் காட்டுக்குள் போனவர்கள் உண்டு. பலகையை வாசிக்கத் தெரியாமல் அவர்கள் போகவில்லை. அன்றைய அடுப்பு அவர்களை அனுப்பியது.

மீரியபெத்த சொன்னது

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்கள் புதைந்தன. பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. செய்தி இருந்தது. போவதற்கு மாற்று இடம் இருக்கவில்லை. தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைக்கவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றத் தோட்டத்து மக்கள், வெளியேறினால் என்ன நடக்கும் என்பதற்கு அதையே விளம்பரமாக எடுத்துக்கொண்டால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

தொலைபேசியால் முடிந்ததும் முடியாததும்

டிஜிட்டல் தொழில்நுட்பம் செய்தியின் வேகத்தைக் கூட்டியிருக்கிறது. ஆனால் கடும் மழையில் முதலில் போவது மின்சாரம், பின்னால் போவது சிக்னல். சுனாமிக்குப் பின்னர் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் இணைந்து, கரையோரக் கிராமங்களில் கடைசி மைல் வரை எச்சரிக்கையைக் கொண்டுபோகும் கருவிகளைப் பரிசோதித்தன. கருவி மட்டும் போதாது, ஊர் அமைப்பும் பயிற்சியும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

வலப்பனைக்கு இதைப் பொருத்தினால் செய்யக்கூடியவை தெளிவாகத் தெரிகின்றன.

விலையைக் குறையுங்கள். சிவப்பு அறிவித்தல் வந்த நாளுக்கு, வெளியேறியவர்களுக்குப் பேர் போடப்படும் என்று தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் மழைக்காலத்துக்கு முன்பே எழுத்தில் உடன்படட்டும்.

இடத்தைத் தயார்படுத்துங்கள். எந்த லயம் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், திறப்பு யாரிடம், பெண்களுக்கு எந்த அறை என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். முதியோரும் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் செம்மஞ்சளிலேயே இறங்கட்டும். விட்டுப்போன வீடுகளுக்குக் காவல் யார் என்பதையும் பேசி வையுங்கள்.

செய்தியை மாற்றுங்கள். பிரிவின் பெயரோடு நிற்காமல் தோட்டத்தின், லயத்தின் பெயரைச் சொல்லும் ஒரு நிமிடத் தமிழ்க் குரல் பதிவு, தெரிந்த ஒருவரின் குரலில் வரட்டும். சிக்னல் இல்லாதபோது கோயில் ஒலிபெருக்கியும் மணியும் அதே செய்தியைச் சொல்லட்டும். ஒரு சாதாரண மழைமானி லயத்தில் இருந்தால் 75, 100, 150 என்ற கோடுகளை மக்களே பார்த்துக்கொள்வார்கள். சரிவு நடக்காதபோதும், ஏன் நடக்கவில்லை என்று அதிகாரிகள் வந்து விளக்க வேண்டும். அடுத்த எச்சரிக்கையின் நம்பகத்தன்மை அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தத் துறைக்கு ஓர் எல்லையும் உண்டு. நடத்தையை மாற்றும் அறிவு, அரசினதும் கம்பனிகளினதும் பொறுப்பை மக்களின் தோளில் இறக்கிவைக்கும் கருவியாகிவிடக் கூடாது. தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் அதை நிர்வகிப்பவை பெருந்தோட்டக் கம்பனிகள். சரிவின் அடியில் லயத்தை எங்கே கட்டுவது என்று தொழிலாளி ஒருபோதும் தீர்மானித்ததில்லை. எந்த எச்சரிக்கையும் பாதுகாப்பான காணிக்கும் உறுதிக்கும் வீட்டுக்கும் ஈடாகாது.

ஆனால் அந்தக் காணி வரும்வரை மழை காத்திருக்காது. அடுத்த முறை யாராவது 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று சொன்னால், நாம் திருப்பிக் கேட்கலாம்: வெளியேறுவதற்கு அவர்கள் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது, அதில் எவ்வளவை நீங்கள் குறைத்தீர்கள்?